'நிற்க' என்ற சொல்லுக்குப் பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிவாக்கில், பட்டர்வொர்த்தில் நான் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டின் கதவை ஓர் இளைஞர் தட்டினார். இரண்டு மாடி கீழே குடியிருப்பவர். பிறை என்ற ஊரில் ஒரு கிடங்கில் பதினோரு ஆண்டுகளாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். லிஃப்டில் பார்த்தால் சிரித்துக்கொள்வதற்கு மேல் எங்களுக்குள் பழக்கம் இருந்ததில்லை. அவர் கையில் இருந்தது, தொழிற்சாலைகளில் எல்லாரும் 'ஷோ கோஸ்' என்றும் மலாய்மொழியில் 'சூராட் துஞ்சுக் செபாப்' என்றும் சொல்லும் காரணம் கேட்கும் கடிதம். குறிப்பிட்ட ஒரு நாளில் அவர் வேலை நேரத்தில் அனுமதியின்றி வெளியேறியதாகவும், அதற்கான விளக்கத்தை மூன்று நாட்களுக்குள் எழுத்து மூலம் தரவேண்டும் என்றும், தராவிட்டால் சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொண்டு நடவடிக்கை தொடரும் என்றும் அதில் இருந்தது. பதிலையும் அவர் தயாராக வைத்திருந்தார். மலாய்மொழியில் இரண்டே வரி: மன்னிக்க வேண்டும், இனி இப்படிச் செய்யமாட்டேன்.

"அப்படியானால் நீங்கள் சொல்லாமல்தான் போனீர்களா?" என்று கேட்டேன்.

"இல்லை அங்கிள். பிள்ளைக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்துவிட்டது என்று பராமரிப்பு நிலையத்திலிருந்து போன் வந்தது. சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் வாய்ஸ் போட்டுவிட்டுத்தான் ஓடினேன். அப்படி ஒன்று வரவே இல்லை என்கிறார். என் போனும் அந்த வாரமே தண்ணீரில் விழுந்து போய்விட்டது."

செய்யாத குற்றத்தைத் தன் கைப்பட ஒப்புக்கொண்டு, கையெழுத்தும் போட்டு, மறுநாள் காலை கொண்டுபோய்க் கொடுத்துவிட இருந்தார்.

என் பேத்தியின் பழைய பயிற்சிப் புத்தகம் ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்து, அன்று பிற்பகல் நடந்ததைத் தமிழிலேயே எழுதச் சொன்னேன். எழுத வராது, சொல்கிறேன், நீங்கள் எழுதுங்கள் என்றார். நான் மறுத்துவிட்டேன்; ஏன் மறுத்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதல் பக்கம் முழுவதும் தாம் எத்தனை ஆண்டுகள் உண்மையாக உழைத்தவர், எத்தனை முறை பொது விடுமுறை நாளிலும் வேலைக்கு வந்தவர், மேலாளர் மீது எவ்வளவு மரியாதை வைத்திருப்பவர் என்பதாகவே போயிற்று. அந்தப் பக்கத்தின் அடியில் நான் ஒரு கோடு போட்டு, 'நிற்க' என்று எழுதினேன்.

இளைய வாசகர்களுக்கு இந்தச் சொல் புதிதாக இருக்கலாம். தோட்டத்திலிருந்து ஊருக்குப் போன அந்தக் காலத்துக் கடிதங்களில், இங்கு நான் நலம், அங்கு உங்கள் நலமறிய ஆவல் என்று தொடங்கி, வீட்டிலுள்ளோர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரித்து முடித்த பிறகு, 'நிற்க' என்று ஒரு சொல் தனியாக நிற்கும். மணியார்டர் அனுப்பிய தொகை, தங்கைக்கு வந்த வரன், அடகு வைத்த நிலம் என்று கடிதம் எதற்காக எழுதப்பட்டதோ அந்தச் சங்கதி அதற்குப் பிறகுதான் வரும். உபசாரம் இதோடு முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன் என்பதை இவ்வளவு சுருக்கமாகவும் மரியாதையாகவும் சொல்லும் வேறொரு சொல்லை நான் எந்த மொழியிலும் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்தவை மூன்றே மொழிகள் என்பது வேறு விஷயம்.

'நிற்க'வுக்குப் பிறகு மணிவாரியாக எழுதச் சொன்னேன். 3.10க்குப் போன் வந்தது. 3.15க்கு வண்டியை நிறுத்திச் சாவியைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தது. பிறகு குரல் பதிவு அனுப்பியது. பிறகு மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடத்துக்கு நடந்தது. அங்கே பேனா நின்றுவிட்டது. அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டில் ஜாகா, அதான் காவலாளி, புத்தகத்தைக் காட்டினார் அங்கிள். வெளியே போகிற நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். காரணம் என்று ஒரு கட்டம் இருக்கும். 'அனாக் சாக்கிட்' என்று நான்தான் எழுதினேன்."

பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்ற அந்த இரண்டு சொல்லைத் தம் கையாலேயே எழுதியிருந்ததை அவர் மறந்தே போயிருந்தார். எட்டு நாட்களாக மனைவியிடமும் நண்பர்களிடமும் இந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தும் ஒரு முறைகூட அது நினைவுக்கு வரவில்லை. சொல்லும்போது அடுத்தவர் தலையாட்டுவார், நாமும் தாவிப் போய்விடுவோம். தாள் தலையாட்டாது. 3.15க்கும் 3.40க்கும் நடுவில் என்ன என்று அது கேட்டுக்கொண்டே இருக்கும். நான்காவது படியை நல்லபடியாக எழுதி, அவருடைய மனைவி அதை மலாய்மொழியில் மாற்றி முடித்தபோது இரவு பதினொன்றரை ஆகிவிட்டது. நுழைவாயில் பதிவேட்டின் அந்த நாள் பக்கத்தைப் பார்க்கும்படியும், மருத்துவமனைச் சீட்டின் நகல் இணைக்கப்பட்டிருக்கிறது என்றும் எழுதியிருந்தோம். முறைப்படி தெரிவிக்கவில்லை என்ற ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு விவகாரம் முடிந்தது. வேலை இருக்கிறது.

நான் 1977இல், பினாங்குத் தீவுக்குப் பாலம் வருவதற்கு முன்னால், தினமும் ஃபெரியில் கடல் தாண்டிப் போய் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன். 2011இல் ஓய்வு பெறும்வரை முப்பத்து நான்கு ஆண்டுகள் மனிதவளப் பிரிவில், அதாவது இந்த மாதிரிக் கடிதங்களை அனுப்பும் பக்கத்தில் இருந்தவன். எனவே எழுத்தின் அருமையைப் பற்றி நான் சொல்ல வருவது புத்தக வெளியீட்டு மேடைகளில் சொல்லப்படுவது போன்றதன்று. கவிஞராகவும் கதாசிரியராகவும் விரும்புகிறவர்கள் எப்படியும் எழுதிவிடுவார்கள். அவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. மற்ற நாம் எழுதாமல் இருப்பதால் இழப்பதைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

உள்விசாரணை அறையில் நான் பார்த்ததைச் சொல்லவேண்டும். கேன்டீனில் தன் பக்கத்து நியாயத்தை மேசையைத் தட்டிப் பேசியவர், அந்த அறைக்குள் வந்ததும் ஆம், இல்லை என்று பொருள்படும் 'யா', 'தீடாக்' என்ற இரண்டு சொல்லில் அடங்கிவிடுவார். கையில் எழுதி எடுத்து வரச் சொன்னாலும் எடுத்து வரமாட்டார். எல்லாம் மனத்தில் இருக்கிறது என்பார். விசாரணைக் குழு கேட்கும், ஒருவர் குறிப்பெடுப்பார், முடிவெடுக்கும் மேலிடத்துக்குப் போவது அந்தக் குறிப்பு மட்டும்தான், குரல் போகாது. அந்தக் குறிப்புகளில் பலவற்றை எடுத்தவன் நான். தொண்ணூறுகளில் ஒரு பெண், இருபது நிமிடங்களுக்கு மேல் தமிழில் அழுதுகொண்டே சொன்னதை ஆங்கிலத்தில் நான்கு வரியாக எழுதினேன். பொய் எழுதவில்லை. ஆனால் அவர் சொன்ன வரிசையில் எழுதவில்லை, எது முக்கியம் என்று அவர் நினைத்தாரோ அதை எழுதவில்லை, எனக்கு எது முக்கியமாகப் பட்டதோ அதை எழுதினேன். ஒவ்வொரு பக்கத்திலும் அவரிடம் கையெழுத்து வாங்கினேன்; படித்துப் பார்க்கிறீர்களா என்று கேட்டேன்; நீங்கள் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் அண்ணே என்றார். அவருக்கு வேலை போயிற்று. சரியாக எழுதியிருந்தாலும் போயிருக்கலாம். ஆனாலும் அன்று முதல், ஒருவருடைய கதையை அவருக்குப் பதிலாக நான் எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். பேனாவை அந்த இளைஞரிடமே கொடுத்ததற்குக் காரணம் அதுதான்.

இந்த மலேசிய நாட்டுச் சட்டம் எழுத்துக்கு எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறது என்பதும் நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும் என்று 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 10ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் நேர்முகத் தேர்வில் வாயால் சொன்ன சம்பளத்தையும் போனஸையும் நம்பிச் சேர்ந்து, மூன்றாம் மாதம் சண்டை போடுகிறவர்களை நான் எண்ணி முடியாது. காரணமின்றி வேலைநீக்கம் செய்யப்பட்டதாகக் கருதுகிற தொழிலாளி, 1967ஆம் ஆண்டுத் தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி, நீக்கப்பட்ட 60 நாட்களுக்குள் தொழில் உறவு இலாகாவிடம் எழுத்து மூலம் முறையிட வேண்டும். எழுத்து மூலம் என்பதையும் 60 நாட்கள் என்பதையும் ஒருசேரக் கவனியுங்கள். ஐம்பது நாட்களைத் தெரிந்தவர், அரசியல்வாதி, கோயில் தலைவர் என்று ஒவ்வொரு வீடாகப் போய் வாயால் சொல்லிக் கழித்துவிட்டு, அறுபத்தைந்தாவது நாள் என்னிடம் வந்தவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் தேநீர் கொடுக்கத்தான் முடிந்தது.

காவல் நிலையத்திலும் இதே கதைதான். குற்றம் பற்றி வாயால் சொல்லப்படும் தகவலை அதிகாரி எழுத்தில் பதிந்து, சொன்னவருக்கே படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கவேண்டும் என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஆம் பிரிவு. என் தங்கை மகனின் மோட்டார் சைக்கிள் திருடு போனபோது, அவன் அந்த அறிக்கையைச் சரியாகப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான். வண்டியைக் கடைசியாகப் பார்த்த நாள் ஒரு நாள் முன்னதாகப் பதிவாகியிருந்தது. இவன் பதற்றத்தில் மாற்றிச் சொன்னானா, அங்கே தட்டச்சில் மாறியதா தெரியவில்லை. காப்புறுதிக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லி முடிக்க நான்கு மாதம் ஆயிற்று. புறப்படுவதற்கு முன் ஒரு துண்டுத் தாளில் நாள், நேரம், இடம், வண்டி எண் என்று குறித்து எடுத்துப் போயிருந்தால் பத்து நிமிட வேலை.

வீட்டுக்குள் வருகிறேன். என் தாயார் தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்புவரை படித்தவர். சட்டைப் பையில் அடங்கும் சின்னஞ்சிறு 555 குறிப்பேட்டை இந்த நாட்டில் தெரியாதவர் இருக்கமுடியாது. மளிகைக் கடையில் கடன் எழுதுவதற்கென்றே பிறந்த புத்தகம் அது. கடைக்காரரிடம் எங்கள் பெயரில் ஒன்று இருந்தது. என் தாயார் தம்மிடமும் ஒன்று வைத்திருந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் தந்தை 1974இல் திடீரென்று காலமான பிறகு, பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை பொறுத்திருந்த கடைக்காரர், ஒரு மாலையில் வந்து திண்ணையில் தயக்கத்தோடு உட்கார்ந்து, 186 வெள்ளி (ரிங்கிட்) பாக்கி என்றார். என் தாயார் உள்ளே போய், சாமி படத்துக்குப் பின்னாலிருந்து தம்முடைய புத்தகத்தை எடுத்து வந்தார். அதில் 148 வெள்ளி இருந்தது. இருவரும் மண்ணெண்ணெய் விளக்கில் வரி வரியாக ஒப்பிட்டார்கள். கடைப் பையன் ஓர் அரிசி மூட்டையை அடுத்தடுத்த நாட்களில் இரண்டு முறை ஏற்றியிருந்தான். கடைக்காரர் தம் புத்தகத்தில் அந்த வரியை அடித்து, அடித்த இடத்தில் கையெழுத்தும் போட்டார். சண்டை இல்லை, சாபம் இல்லை, ஒருவர்மேல் ஒருவருக்குச் சந்தேகமும் இல்லை. அந்த வீட்டில் நாங்கள் இருந்தவரை அவருடைய கடையில்தான் சாமான் வாங்கினோம்.

எழுதிக் கேட்டால் உறவு முறிந்துவிடும் என்று நம்மவர் அஞ்சுகிறார்கள். மைத்துனருக்கு எட்டாயிரம் வெள்ளி கொடுக்கும்போது ஒரு தாளில் எழுதி வாங்குவது அவமரியாதையாகப் படுகிறது. உறவுகள் எழுதியதால் முறிந்து நான் பார்த்ததில்லை. நீ மூவாயிரம்தான் கொடுத்தாய், இல்லை ஐந்தாயிரம் என்ற வாக்குவாதத்தில்தான் முறிந்து பார்த்திருக்கிறேன். 1953ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டப்படி இப்படிப்பட்ட கடனுக்கு வழக்காட ஆறு ஆண்டுகள்தான் அவகாசம் என்பதும், கடனாளி தம் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் அந்த ஆறு ஆண்டு புதிதாகத் தொடங்கும் என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியவை. வாயால் நூறு முறை ஒப்புக்கொண்டாலும் அந்தப் பலன் இல்லை.

உயிலைப் பற்றி நீட்டிச் சொல்ல விரும்பவில்லை. அந்தப் பேச்சை எடுத்தாலே என் மனைவி எழுந்து போய்விடுகிறார். முஸ்லிம் அல்லாதோருக்கான 1959ஆம் ஆண்டு உயில் சட்டம் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை: எழுத்தில் இருக்கவேண்டும், இரண்டு சாட்சிகள் ஒருசேர இருக்கும்போது கையெழுத்திட வேண்டும், அவர்களும் கையெழுத்திட வேண்டும். சாட்சிக்கோ சாட்சியின் கணவன் அல்லது மனைவிக்கோ அந்த உயிலில் எதையும் எழுதி வைத்தால் அது செல்லாது; மகனையே சாட்சியாகப் போட்டு அவனுக்கே வீட்டை எழுதி வைத்த ஒரு நண்பரின் குடும்பம் இன்னும் அலைந்துகொண்டிருக்கிறது.

அதே மனைவி, நீரிழிவுக்காக எழுதிவரும் குறிப்பேட்டைப் பற்றி மட்டும் பெருமையாகப் பேசுவார். வெள்ளிக்கிழமை கோயிலில் சாப்பிடும் சர்க்கரைப் பொங்கல்தான் எதிரி என்று அவர் ஓராண்டாக நம்பியிருந்தார். காலையில் பார்க்கும் சர்க்கரை அளவையும் முந்தைய நாள் சாப்பிட்டதையும் மூன்று மாதம் எழுதியபோது, புதன்கிழமை காலைகளில்தான் அளவு ஏறியிருந்தது தெரிந்தது. செவ்வாய் இரவு எங்கள் பகுதியில் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தை. அங்கே அவர் வாங்கும் அப்பாம் பாலிக் என்ற இனிப்பு அப்பம். பொங்கல் நிரபராதி என்று தீர்ப்பாயிற்று. மருத்துவர் அந்தப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்து மருந்தை மாற்றாமலே அனுப்பினார்.

மனச்சுமையை எழுதி இறக்குவது பற்றியும் ஒரு செய்தி சொல்லவேண்டும், ஏனெனில் அது என் தொழிலோடு சம்பந்தப்பட்டது. ஆட்குறைப்புக் கடிதங்களை என் கையாலேயே நான் கொடுத்திருக்கிறேன். வாங்கியவர்கள் மாதக்கணக்கில் யாரோடும் பேசாமல் உள்ளுக்குள் வெந்ததையும் பார்த்திருக்கிறேன். ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும், வேலை இழந்த 63 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 1994இல் வெளிவந்தது. வேலை போனதைப் பற்றித் தம் மனத்தில் இருந்ததை ஒளிக்காமல் எழுதியவர்களுக்கு, மற்ற விஷயங்களை எழுதியவர்களையும் எதுவுமே எழுதாதவர்களையும்விட விரைவாக மறுவேலை கிடைத்தது. அவர்கள் அதிக மும்முரமாக வேலை தேடியதால் அப்படி ஆகவில்லை; பழைய வேலையையும் புதிய வேலையையும் பற்றிய அவர்களுடைய மனப்போக்கு மாறியிருந்தது என்பதே ஆய்வாளர்களின் கருத்து. எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. கோபத்தோடு நேர்முகத் தேர்வுக்கு வருகிறவரை, மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்கு இரண்டாவது நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்தக் கோபத்தை முன்கூட்டியே ஒரு தாளில் கொட்டிவிட்டு வந்தவரிடம் பேச்சு தெளிவாக இருக்கும்.

இப்போது பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். இந்த நாட்டுத் தமிழ்க்கல்வியின் வரலாறு, 1816இல் இதே பினாங்கில் பினாங்கு பிரீ ஸ்கூலில் நடந்த தமிழ் வகுப்பிலிருந்து கணக்கிடப்படுகிறது. இருநூறு ஆண்டுகளுக்கு மேலான அந்த வரலாற்றில் நமக்குக் கிடைத்த ஆசிரியர்களை நான் குறை சொல்லமாட்டேன். நானும் என் பிள்ளைகளும் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். ஆனால் ஐந்தாம் ஆண்டு படிக்கும் என் பேத்தி எழுதிய அலுவல் கடிதம் ஒன்றைச் சென்ற ஆண்டு படிக்க நேர்ந்தது. தாமான் மலர் என்ற கற்பனைக் குடியிருப்பில் குப்பைகள் மலைபோல் குவிந்துகிடந்தன. துர்நாற்றம் மூக்கைத் துளைத்தது. மக்கள் சொல்லொணாத் துயரத்தில் ஆழ்ந்திருந்தனர். அனுப்புநர், பெறுநர், ஐயா, விஷயம் என்று அமைப்பில் ஒரு குறையும் இல்லை. நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள்.

அந்த வாரம் எங்கள் அடுக்குமாடியின் கீழே சாக்கடை உண்மையிலேயே அடைத்துக்கொண்டிருந்தது. இந்தக் கடிதத்தையே நம் நிர்வாகக் குழுவுக்கு அனுப்பலாமே என்றேன். அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "தாத்தா, இது கட்டுரை. நிஜம் இல்லை."

அந்தப் பதிலில் நம் எழுத்துக் கல்வியின் குறை முழுவதும் இருக்கிறது என்பது என் கருத்து. உவமைத்தொடரும் இணைமொழியும் எத்தனை இடம்பெற்றன என்று எண்ணி எழுதப் பழகிய பிள்ளைக்கு, எழுதினால் எதுவும் நடக்கும் என்ற எண்ணமே இருப்பதில்லை. அவளைக் கீழே அழைத்துப் போனேன். அடைப்பு எங்கிருந்து எதுவரை என்று பார்க்கச் சொன்னேன். பாதுகாவலர் அறையிலிருந்து தபால் பெட்டி வரிசைவரை, ஏறத்தாழ பத்தடி. எத்தனை நாளாக என்று கீழ்வீட்டுப் பாட்டியிடம் விசாரித்தாள்: மூன்று வாரம். மழை பெய்தால் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று கையை வைத்து அளந்தாள்: நான்கு விரல். மலையும் இல்லை, மூக்கும் இல்லை. ஏழு வரிதான் வந்தது. அவளுடைய அம்மா அதை மலாய்மொழியில் எழுத உதவினாள். இரண்டு வாரம் கழித்துக் குறிப்பு எண்ணோடு ஒரு பதில் கடிதமும், அதற்கடுத்த சனிக்கிழமை மண்வெட்டியோடு இரண்டு ஆட்களும் வந்தார்கள். பதில் கடிதத்தை அவள் தன் அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். தமிழில் எழுதிப் பழகியதால் மலாய்மொழியிலோ ஆங்கிலத்திலோ பின்தங்கிவிடுவோமோ என்று கவலைப்படும் பெற்றோர்களுக்கு ஒன்று சொல்லுவேன்: அந்த ஏழு வரியையும் எது முதலில், எது பிறகு என்று அவள் தமிழில் யோசித்து முடித்த பிறகு, மொழிபெயர்க்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டபோது வருந்தியவர்களில் நானும் ஒருவன். இப்போது யோசித்துப் பார்த்தால், மாதிரிக் கட்டுரைகளை மனனம் செய்யவேண்டிய முதற்காரணம் அன்றே போய்விட்டது. மனனம் மட்டும் ஏன் இன்னும் போகவில்லை என்று தெரியவில்லை. மாதம் ஒரு முறையாவது, உண்மையான ஒருவருக்கு, உண்மையான ஒரு விஷயத்தைப் பற்றி எழுதி, தபால்தலை ஒட்டி அனுப்பும் பாடம் ஒன்று ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியிலும் நடந்தால், அதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

கைப்பேசியிடம் சொன்னால் அதுவே எழுதிக் கொடுக்கிறதே, இதெல்லாம் எதற்கு என்று என் மருமகன் கேட்கிறார். செயற்கை நுண்ணறிவை நான் பழிக்கமாட்டேன். என் மலாய்மொழி இலக்கணத்தை அது திருத்தியிருக்கிறது. அந்த ஃபோர்க்லிஃப்ட் இளைஞரும் முதலில் அதைக் கேட்டுப் பார்த்திருந்தார். மிக அழகான ஒரு பக்கம் வந்தது: வருத்தம், பொறுப்புணர்வு, நிறுவனத்தின் விழுமியங்கள். கேட்டில் இருந்த பதிவேடு மட்டும் அதில் இல்லை. எழுதியவரே மறந்திருந்த ஒன்று அதற்கு எப்படித் தெரியும்?

நிற்க. இந்தக் கடிதம் எதற்காக என்பதற்கு வருகிறேன். 1950களின் தொடக்கத்தில் தமிழ் நேசன் நாளிதழ் கதை வகுப்பு நடத்தியது. அதே பத்தாண்டில் தமிழ் முரசு நாளிதழ், 'மாணவர் மணிமன்றம்' என்று மாணவர்களுக்கெனப் பக்கம் ஒதுக்கியது. தோட்டப்புறத்திலும் நகரத்திலும் இருந்த எத்தனையோ பேர் அவற்றின் வழியாக எழுத வந்தார்கள். தமிழ் நேசன் 2019இல் நின்றுவிட்டது. இருக்கிற நாளிதழ்களில் ஒன்றான உங்கள் நாளிதழ், ஞாயிறு பதிப்பில் அரைப் பக்கம் ஒதுக்கி, கடித வகுப்பு ஒன்றைத் தொடங்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கதையும் கவிதையும் அதில் வேண்டாம். அவற்றுக்கு ஏற்கெனவே இடம் இருக்கிறது. வாரம் ஒரு சூழ்நிலை கொடுங்கள்: வாடகை முன்பணத்தைத் திருப்பித் தராத வீட்டுக்காரருக்கு, பழுதான குளிர்பதனப் பெட்டியை மாற்ற மறுக்கும் கடைக்கு, மகனை அடித்த மாணவனைப் பற்றித் தலைமையாசிரியருக்கு, பத்து ஆண்டுகளாகப் பேசாத அண்ணனுக்கு. வாசகர்கள் அனுப்புவதில் ஒன்றைப் பெயர் இல்லாமல், அடித்தல் திருத்தலோடு, ஏன் அடித்தோம் என்ற விளக்கத்தோடு வெளியிடுங்கள். 50,000 ரிங்கிட் வரையிலான பயனீட்டாளர் கோரிக்கைக்கு, ஐந்து ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலேயே பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். அந்த விண்ணப்பப் பாரத்தில் நடந்ததைத் தெளிவாக எழுதத் தெரியாமல் திரும்பி வருகிறவர்களுக்கு அந்த அரைப் பக்கமே துணையாக இருக்கும்.

திருத்துவதற்கு ஆள் வேண்டும் என்றால், ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் என்னைப் போன்ற பழைய குமாஸ்தாக்களும் பினாங்கில் மட்டுமே நிறைய இருக்கிறோம், சம்பளம் கேட்கமாட்டோம். முதல் வாரத்துக்கு மாதிரி கிடைக்காவிட்டால் இந்தக் கடிதத்தையே எடுத்துக்கொள்ளலாம். 'நிற்க' என்ற சொல் கடைசியில்தான் வந்திருக்கிறது என்பதும், ஓர் ஆசிரியர் கடிதத்துக்கு இது மிக நீளம் என்பதும் எனக்குத் தெரியும். வெட்டுங்கள். எந்த இடங்களை வெட்டினீர்கள் என்பதை மட்டும் மறைக்காமல் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவர்,
பட்டர்வொர்த், பினாங்கு